தோட்டாவுக்குச் சந்தா கட்டலாமா? கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு



செங்கம் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய மகள் கல்லூரியில் என்.சி.சி. மாணவி. முகாமில் .22 ரைபிளில் சுட்டு நல்ல பெயர் வாங்கிவிட்டாள். வெளியூரில் உள்ள ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லி ஒருவர் அவரைத் தூண்டுகிறார். "உறுப்பினர் ஆகிவிட்டால் தோட்டா மலிவாகக் கிடைக்கும், லைசென்சும் தேவையில்லை, வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகலாம்" என்றாராம். கட்டணம் பெரிய தொகை. "இரண்டு கறவை மாட்டை விற்றால் கட்டிவிடலாம் சார், கட்டலாமா?" என்று கேட்கிறார்.

இவருக்கு மட்டும் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் தோட்டா யார் கையில் இருக்கலாம், அதற்கு யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு நம் மண்ணில் நீண்ட வரலாறு இருக்கிறது. அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நம் ஊரில் வெடித்த பீரங்கி

துப்பாக்கி என்ற சொல்லே துருக்கியிலிருந்து வந்தது. வெடிமருந்தை நம் மக்கள் வெறுமனே 'மருந்து' என்பார்கள். வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தால் மருந்து.

இன்று கிரிவலம் போகும் நம் ஊரில் 1767 செப்டம்பரில் போர் நடந்தது. முதலாம் மைசூர்ப் போர். ஒரு பக்கம் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும். மறுபக்கம் கம்பெனியின் கர்னல் ஜோசப் ஸ்மித். செப்டம்பர் 3ஆம் தேதி செங்கம் கணவாயில் மோதினார்கள். ஸ்மித் வென்றார், ஆனாலும் நிற்க முடியவில்லை. படைக்குச் சோறு இல்லை. திருவண்ணாமலையில் நவாப் தானியம் சேர்த்து வைத்திருப்பார் என்று நம்பி இங்கே வந்தார். வந்து பார்த்தால் போதுமான அரிசி இல்லை. அந்த மாதக் கடைசியில் இங்கேயே இன்னொரு சண்டை நடந்தது, அதிலும் கம்பெனியே வென்றது.

இதில் ஆற்காடு நவாப் முகமது அலியின் நிலையைப் பாருங்கள். கம்பெனியின் படையும் பீரங்கியும் மருந்தும் அவரைக் காக்கும். செலவை அவர் ஏற்க வேண்டும். அந்தக் காலத்துச் சந்தா என்றே சொல்லலாம். 1763இல் செங்கல்பட்டு ஜாகீரைக் கம்பெனிக்குக் கொடுத்தார். அதற்குமேல் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்கு நில வருவாய் என்று போனது. 1801இல் கர்நாடக நாட்டின் ஆட்சியே கம்பெனி கைக்குப் போய்விட்டது. நவாப் வாரிசுக்குப் பட்டமும் படியும்தான் மிச்சம். 'சேர்ந்தால் பாதுகாப்பு' என்று சொல்லும் எந்தச் சந்தாவிலும், கடைசியில் நம் கையில் என்ன நிற்கும் என்று கேட்க வேண்டும். இது நவாப் நமக்கு விட்டுப்போன பாடம்.

ஆயுதம் பறிபோன கதை

அதே 1801ஆம் ஆண்டு. கட்டபொம்மன் 1799 அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். (இது சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர், நம் பக்கத்துத் திருப்பத்தூர் அல்ல. பரீட்சையில் பலர் தப்பாக எழுதுவீர்கள்!) அந்த டிசம்பர் 1ஆம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிக்கப்படும், மக்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்பது அதன் சாரம். இந்தியா முழுவதற்குமான ஆயுதச் சட்டம் வருவதற்கு 77 ஆண்டுகள் முன்பே தென்னாட்டு மக்களின் கையிலிருந்து ஆயுதத்தைப் பிடுங்கும் வேலை தொடங்கிவிட்டது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1806 ஜூலை 10, வேலூர்ப் புரட்சி. கோட்டைச் சுவர் மேல் தப்பி நின்ற வெள்ளைச் சிப்பாய்களிடம் தோட்டா தீர்ந்துபோயிருந்தது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி, கயிற்றைப் பிடித்து மேலே ஏறி, துப்பாக்கி முனை ஈட்டியை வைத்தே அவர்களை நடத்தினார். தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் தடி. அரசுகள் துப்பாக்கியைவிடத் தோட்டாவைக் கவனமாகப் பூட்டி வைப்பதன் காரணம் இதுதான்.

1857இல் சென்னையில் 'மெட்ராஸ் வாலண்டியர் கார்ட்ஸ்' என்ற தொண்டர் படை தொடங்கியது. பிறகு தென்னிந்திய ரயில்வேக்கும் தொண்டர் ரைபிள் படை வந்தது. வெள்ளையரும் ஆங்கிலோ இந்தியரும் அதில் சேர்ந்து துப்பாக்கிப் பயிற்சி பெறலாம். மற்ற இந்தியருக்குக் கதவு ஏறக்குறைய அடைத்தே இருந்தது. உறுப்பினராக இருந்தால்தான் தோட்டா, உறுப்பினராவதற்குப் பிறப்பு தகுதி! பணம் இருந்தாலும் கிடைக்காத சந்தா அது.

1878இல் வைஸ்ராய் லிட்டன் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தார். தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. 1887இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டில் இந்தச் சட்டத்தை எதிர்த்து இளைஞர் பிபின் சந்திர பால் பேசினார். தலைவர் பத்ருதீன் தயாப்ஜி. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே இந்தச் சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தவர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

ஒரு விதிவிலக்கு மட்டும் இன்றுவரை இருக்கிறது. குடகு நாட்டில் கொடவர் இனத்தாருக்கும், ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் லைசென்சிலிருந்து விலக்கு உண்டு. கைல்போளு திருநாளில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுவார்கள். 2019இல் மத்திய அரசு இந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது.

நம் பக்கத்தில் அப்படி விலக்கு இல்லை. மருந்து, ரவை, கேப்பு போட்டுச் சுடும் நாட்டுத் துப்பாக்கியை வைத்துப் பிழைத்தவர்கள் நரிக்குறவர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டைத் தொழில் முடிந்தது. பாசி மணிக்கும் ஊசிக்கும் மாறினார்கள். ஜவ்வாது மலையில் இப்போதும் அவ்வப்போது, லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கும்படி காவல்துறை கேட்டுக்கொள்வதைப் பத்திரிகையில் பார்க்கிறோம்.

வெளிநாட்டில் எப்படி?

சுவிட்சர்லாந்தில் ராணுவக் கடமை உள்ளவர்கள் ஆண்டுதோறும் உள்ளூர்ச் சங்கத்துக்குப் போய்ச் சுட்டுக் காட்ட வேண்டும். அந்தத் தோட்டாவுக்கு அரசே செலவு செய்கிறது. ஆனால் அங்கேயே சுட்டுத் தீர்க்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. முன்பு சிப்பாய்கள் வீட்டில் முத்திரையிட்ட தோட்டாப் பெட்டி ஒன்று இருக்கும். 2007இல் அதையும் திரும்ப வாங்க முடிவு செய்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் 1963இல் கென்னடியைச் சுட்ட துப்பாக்கி தபாலில் வாங்கியது. அதன் விளைவாக 1968இல் துப்பாக்கி, தோட்டா இரண்டையும் தபால் வழியாக விற்பதற்குக் கட்டுப்பாடு வந்தது. 1986இல் தோட்டாவுக்கு மட்டும் தளர்த்தினார்கள். இப்போது அங்கே இணையக் கடைகள் ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு தோட்டாவைத் தள்ளுபடியிலும் அனுப்புக் கூலி இல்லாமலும் தருகின்றன. 'உறுப்பினரானால் தோட்டா மலிவு' என்ற பேச்சு அந்த ஊருக்குத்தான் பொருந்தும். அதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. ஏன் என்று பார்ப்போம்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959இல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இனம் பார்க்கும் வேற்றுமை அதில் இல்லை. பயிர்க் காவலுக்கு நாட்டுத் துப்பாக்கி, குறி பார்த்துச் சுடும் பயிற்சிக்கு .22 ரைபிள் என்று தேவைகளைப் பெயர் சொல்லியே அந்தச் சட்டம் குறிப்பிடுகிறது. அரசு அங்கீகரித்த ரைபிள் கிளப்பின் உறுப்பினர் பயிற்சிக்கு .22 ரைபிள் கேட்டால் அதை ஒரு நியாயமான காரணமாக ஏற்கிறது. எத்தனை துப்பாக்கி வைக்கலாம் என்ற வரம்பிலும் அவருக்குச் சலுகை உண்டு.

இங்கேதான் கவனிக்க வேண்டும். சலுகை எண்ணிக்கையில்தான். லைசென்சே வேண்டாம் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. கிளப்பின் துப்பாக்கியால், கிளப்பின் தோட்டாவை, கிளப்பின் தளத்தில், பயிற்சியாளர் பார்வையில் சுடலாம். லைசென்ஸ் இல்லாதவர் பைக்குள் ஒரே ஒரு .22 தோட்டாவைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாலும் குற்றம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. விமான நிலையத்தில் பையில் மறந்து கிடந்த ஒரு தோட்டாவால் பலர் படும் பாட்டைச் செய்தியில் படித்திருப்பீர்கள்.

லைசென்ஸ் பெற 21 வயது ஆகவேண்டும். பெற்றாலும் எத்தனை தோட்டா வாங்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்க வேண்டியிருக்கும்.

ஆகவே "வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகலாம்" என்று சொன்னவர் பேச்சை அந்தப் பெண்ணின் அப்பா இந்த நிமிடமே மறந்துவிட வேண்டும். மாடு போனால் இன்னொரு மாடு வாங்கலாம். பிள்ளை பேரில் வழக்கு வந்தால் அரசு வேலைக் கனவே போய்விடும்.

இனி கணக்கு

சிலேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். புரிவதற்காக நானே சில எண்களைப் போடுகிறேன். உங்கள் ரசீதில் உள்ள எண்ணைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

சந்தா 30,000 ரூபாய். ஒரு தோட்டாவுக்கு உறுப்பினருக்கு 10 ரூபாய் மிச்சம். போட்ட முதலை எடுக்க 3,000 தோட்டா சுட வேண்டும். ஒரு நாளைக்கு 40 தோட்டா என்றால் 75 நாள் போக வேண்டும்.

செங்கத்திலிருந்து சென்னைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அப்பாவும் மகளும் போய்வரப் பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக 800 ரூபாய். அன்று தோட்டாவில் மிச்சமாவது 400 ரூபாய். அதாவது ஒவ்வொரு தடவை போகும்போதும் 400 ரூபாய் கையை விட்டுப் போகிறது. 75 தடவை போனாலும் 30,000 திரும்பாது. மேலும் 30,000 சேர்ந்து போகும். தோட்டா மலிவு என்பதற்காக மட்டும் சேர்ந்தால் இந்தக் கணக்கு எந்தக் காலத்திலும் தேறாது.

அப்படியானால் உறுப்பினர் சந்தா முழுக்க வீணா? அப்படிச் சொல்ல மாட்டேன். சந்தாவுக்கு உண்மையில் கிடைப்பது தோட்டா இல்லை. சுடும் தளம், பயிற்சியாளர், போட்டியில் கலந்துகொள்ளும் வழி ஆகியவைதான். 1951இல் தொடங்கிய தேசிய ரைபிள் சங்கத்தின் முதல் தலைவர் மக்களவைத் தலைவராக இருந்த மாவலங்கர். மாவட்ட, மாநிலச் சங்கங்கள் வழியாகத்தான் தேசியப் போட்டிக்குப் போக முடியும். ஆகவே கிளப்பைக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அங்கீகாரம் உண்டா? வாரத்தில் எத்தனை நாள் தளம் திறந்திருக்கும்? பெண் பயிற்சியாளர் உண்டா? கிளப் துப்பாக்கியைத் தருவார்களா? சந்தா ஒரே தடவையா, வருடா வருடமா? இடையில் நின்றால் பணம் திரும்புமா? பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

எந்தப் பிரிவில் சுடப் போகிறாள் என்பதும் முக்கியம். புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டது டிராப் பிரிவு. அதன் தகுதிச் சுற்றில் 125 தட்டுகள். ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். அதாவது ஒரு போட்டிக்கே 250 தோட்டா வரை ஆகும். அது நம் போன்றவர்கள் தொடங்குகிற இடம் இல்லை.

ஆனால் 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியில். 2024இல் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதும் காற்றுப் பிஸ்டலில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் காற்றுத் துப்பாக்கி வீராங்கனைதான். அதில் மருந்து இல்லை, கேப்பு இல்லை. சிறு ஈயக் குண்டுதான். ஆற்றல் குறைந்த .177 அளவுக் காற்றுத் துப்பாக்கிக்கு ஆயுத லைசென்சும் தேவையில்லை, அடையாளச் சான்று போதும். 10 மீட்டர் இடம் இருந்தால் கல்லூரியிலேயே, பொறுப்பானவர் மேற்பார்வையில், பாதுகாப்பாகத் தளம் அமைத்துக்கொள்ளலாம்.

ஆகவே தம்பிக்கு என் பதில்: இப்போது மாட்டை விற்க வேண்டாம். என்.சி.சி.யில் இருக்கும்வரை .22 தோட்டா அரசுச் செலவில் கிடைக்கிறது. அதை முழுதாகப் பயன்படுத்தட்டும். என்.சி.சி. அதிகாரியிடம் கேட்டு அடுத்த நிலை முகாம்களுக்குப் பெயர் கொடுக்கட்டும். ஓராண்டு காற்றுத் துப்பாக்கியில் பழகட்டும். அதற்குப் பிறகும் மதிப்பெண் ஏறிக்கொண்டே போனால், நல்ல பயிற்சியாளர் இருக்கும் கிளப்பாகப் பார்த்துச் சேருங்கள். அப்போது கட்டுகிற பணம் பயிற்சிக்கான பணம். அதற்கு நானும் என்னால் ஆனதைச் செய்கிறேன், நம் பழைய மாணவர்களும் கைகொடுப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இந்த நாட்டில் பிறப்பைப் பார்த்துத்தான் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தார்கள். இன்று செங்கத்து விவசாயி வீட்டுப் பெண், சீருடை போட்டு, அரசு கொடுத்த ரைபிளில், அரசு கொடுத்த தோட்டாவைக் குறி தவறாமல் சுடுகிறாள். அது சந்தா கட்டி வந்த உரிமை இல்லை. அவளிடம் அதைச் சொல்லுங்கள்.

காவல்துறையிலும் ராணுவத்திலும் இருக்கும் நம் மாணவர்கள் இதைப் படித்தால், அந்தப் பிள்ளைக்கு நல்ல வழி காட்டக்கூடிய பயிற்சியாளர் யாரையாவது தெரிந்தால் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.