ரங்கூன் வீழ்ச்சியும் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சீமையின் நெல்லும்: உலகப் போரின் ஒரு திருப்புமுனை

இரண்டாம் உலகப் போரின் திருப்புமுனைகள் எவை என்று கேட்டால், பள்ளிக்கூடப் பிள்ளையும் மிட்வே, எல் அலமைன், ஸ்டாலின்கிராட் என்று ஒப்பித்துவிடும். மூன்றுமே 1942 ஜூனுக்கும் 1943 பிப்ரவரிக்கும் நடுவில் அடங்கிவிடுகின்றன. போர்க்களத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டியலில் பிழையில்லை. அடுப்பங்கரையை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு நாள் விடுபட்டிருக்கிறது. 1942 மார்ச் 8, ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் நுழைந்த நாள். தமிழ் மாவட்டங்களுக்குப் போர் என்பது செய்தித்தாள் சமாச்சாரமாக இருந்தது போய் வீட்டு விவகாரமானது அன்றுதான் என்பதும், அன்று தொடங்கியது 1945இல் முடியவில்லை, பத்தாண்டு நீடித்தது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வாதத்தைச் சோதிக்கக் கான்சாபுரத்தை எடுத்துக்கொள்கிறேன். வத்திராயிருப்புக்கும் கூமாபட்டிக்கும் பக்கத்தில், மேற்கு மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரைக் கண்மாய்களில் தேக்கி நெல் விளைவிக்கும் வட்டாரம் இது. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கரிசல் தொடங்கிவிடும். அங்கே கம்பும் சோளமும் பருத்தியும்தான். ஊரின் பெயர் கான் சாகிப்பைக் குறிப்பது. மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கான்தான் அவர். அவர் பெயர் எடுத்ததே தானிய வண்டிகளை வைத்துத்தான். திருச்சிராப்பள்ளி முற்றுகையில் கும்பினிப் படைக்கு உணவு வண்டிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். 1758–59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியே நின்றபடி பிரெஞ்சுக்காரருக்குப் போகும் சாமான்களை மறித்தார். சோறு வரும் வழியை அடைத்தால் பீரங்கியும் பசித்துக் கிடக்கும் என்பதை அறிந்த மனிதர். அவர் பெயர் தாங்கிய ஊரை ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து உலகப் போர் தொட்டபோது, அதுவும் சோற்று வழியாகவே வந்தது.

போரின் முதல் இரண்டு ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். 1939 செப்டம்பர் 3 அன்று வைசிராய் லின்லித்கோ யாரையும் கேட்காமல் இந்தியாவைப் போரில் சேர்த்தார். அக்டோபர் இறுதியில் ராஜாஜியின் சென்னை மந்திரிசபை விலகியது. பாரிஸ் விழுந்தது, லண்டனில் குண்டு மழை பெய்தது. அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தின் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவில் இவையெல்லாம் பேசிக்கொள்ளும் சங்கதிகள்தான்.

பர்மாவின் கதை வேறு. போருக்கு முன் உலகிலேயே மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அது. ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் டன். அதில் பெரும்பங்கு இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. ஐராவதி டெல்டாவின் வயல்கள் விரிந்ததில் செட்டிநாட்டு முதலுக்கும் தமிழ், தெலுங்குக் கூலிகளின் உழைப்புக்கும் பெரிய பங்குண்டு. நம் ஊர்ப் பணமும் நம் ஊர் ஆட்களும் அக்கரையில் விளைவித்த நெல்லே கப்பலேறி நம் துறைமுகங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். இந்தியா உண்ட மொத்தத் தானியத்தில் பர்மா அரிசி சில விழுக்காடுதானே, அது நின்றதால் குடிமுழுகிவிடுமா என்பார்கள். கணக்குச் சரி, ஆனால் சந்தை அந்தக் கணக்கில் நடப்பதில்லை. விளைந்ததில் பெரும்பகுதி விளைவித்தவன் வீட்டுக் குதிருக்கே போய்விடும். விலைக்கு வருவது எஞ்சிய கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் பர்மா அரிசியின் பங்கு பெரியது. சென்னை போன்ற நகரங்களும் மலபாரும் திருவிதாங்கூரும் இலங்கையும் அதையே நம்பியிருந்தன. அது நின்றதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்நாட்டு நெல்லைத் தேடி வந்தார்கள். தண்ணீர் உள்ள ஊர்களின் களத்துமேடுகள் மீது, மலையடிவார ஊர்கள் உட்பட, திடீரென்று எல்லோர் கண்ணும் விழுந்தது இப்படித்தான்.

சம்பவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பான் மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் ஜெனரல் பெர்சிவல் சரணடைந்தார். மூன்று வாரத்தில் ரங்கூன் போயிற்று. மார்ச் 23 அன்று அந்தமான். ஏப்ரல் 5 அன்று கொழும்பின்மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும், 9 அன்று திருகோணமலைமீதும் குண்டுகள் விழுந்தன. சென்னையில் சனங்கள் தட்டுமுட்டுச் சாமான்களோடு ரயிலேறினார்கள். அரசாங்க அலுவலகங்களே உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன. பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் மலைகள் வழியாகவும் நடந்தே வந்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல ஆயிரம் பேர். அக்கரைக்குப் போனவனிடமிருந்து மணியார்டர் வந்துகொண்டிருந்த வீடுகளில், அந்த வருஷம் மணியார்டரும் நின்றது, அரிசியும் நின்றது.

முதல் உலகப் போர் தமிழுக்கு விட்டுப்போனது ஒரே ஒரு சொல். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தைச் சுட்ட ஜெர்மன் கப்பலின் பெயரால், கெட்டிக்காரனை இன்றும் ‘எம்டன்’ என்கிறோம். இரண்டாம் போர் அப்படிச் சிக்கனமாக இருக்கவில்லை. ரேஷன், கண்ட்ரோல், பெர்மிட், பிளாக் என்று ஒரு சிறு அகராதியையே கொடுத்துவிட்டுப் போயிற்று. முதல் சொல் கடற்கரையில் நின்றவனின் வியப்பிலிருந்து பிறந்தது, மற்றவை கடை வாசல் வரிசையிலிருந்து.

1942 டிசம்பரில் இந்திய அரசு உணவுக்கென்று தனித் துறை கண்டது. 1943இல் வங்கத்தில் பஞ்சம் வந்து, இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பர்மா அரிசி நின்றது அதற்கு ஒரே காரணமல்ல. கிழக்கு வங்கத்துப் படகுகளை அரசே பறிமுதல் செய்ததும், புயலும், பதுக்கலும், லண்டனின் அலட்சியமும் சேர்ந்துதான் கொன்றன. அதே ஆண்டு கிரெகரி தலைமையிலான குழு, லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களில் பங்கீடு வேண்டும் என்றது. வங்கத்தைப் பார்த்து மிரண்ட சென்னை மாகாணம் கொள்முதலில் மற்ற மாகாணங்களைவிடக் கடுமையாகவே இறங்கியது. வீட்டுச் சாப்பாடு, விதை, பண்ணைக் கூலி போக மிஞ்சும் நெல் முழுவதையும் அரசு சொன்ன விலைக்கு அளந்துவிட வேண்டும் என்றாயிற்று.

இதன் பொருளைக் களத்தில் நின்று பார்க்க வேண்டும். பொலி அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று எண்ணுவதில்லை, ‘லாபம்’ என்றுதான் எண்ணுவார்கள். அடுத்தது ரெண்டு, மூணு. அந்த அளவில் கோயிலுக்கு உண்டு, கொல்லனுக்கு உண்டு, சலவைத் தொழிலாளிக்கும் நாவிதருக்கும் கண்மாய் மடையைப் பார்க்கும் நீர்ப்பாய்ச்சிக்கும் உண்டு. ஊரின் உறவெல்லாம் அந்தப் பொலியில்தான் பிரிந்து போகும். இப்போது அதே பொலியின் பக்கத்தில் கையில் கணக்கோடு ஒரு அரசு ஊழியர். வீட்டில் எத்தனை வாய், எத்தனை ஏக்கர், எத்தனை மூட்டை என்று கேட்கிறார். நிலவரி வாங்கும் சர்க்காரை ஊர் அறியும். ஆனால் அது பணமாக வாங்கிக்கொண்டு போய்விடும். தானியக் குதிரின் ஆழத்தை அளக்க வந்த சர்க்கார் புதிது. உலகப் போர் மலையடிவாரம் வரை வந்து சேர்ந்த உருவம் இதுதான் என்பேன்.

போரின் போக்கும் அரிசியால்தான் திரும்பியது என்பதை நம் வரலாற்று நூல்கள் போதிய அளவு சொல்வதில்லை. 1944 மார்ச்சில் ஜப்பானிய ஜெனரல் முட்டகுச்சி சுமார் 85,000 பேரோடு இம்பாலையும் கொகிமாவையும் நோக்கிப் புறப்பட்டார். கையிருப்பு மூன்று வார உணவு. இம்பாலின் பிரிட்டிஷ் கிடங்குகளைப் பிடித்துத் தின்றுகொள்ளலாம் என்பது திட்டம். வழிச் சாப்பாட்டுக்கு மாட்டு மந்தைகளையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். கிடங்குகள் கைக்கு வரவில்லை. ஜூலையில் மழையோடு பின்வாங்கியபோது, குண்டில் செத்தவர்களைவிடப் பசியிலும் நோயிலும் செத்தவர்கள் அதிகம். அந்தப் படையோடு இந்திய தேசிய ராணுவமும் சென்றது; எதிர்ப்பக்கம் பிரிட்டிஷ் இந்தியப் படை. இரு பக்கமும் தமிழர்கள் உண்டு. உலகிலேயே பெரிய அரிசிக் களஞ்சியத்தைக் கைப்பற்றிய படை, அடுத்த மலையில் ஒரு பிடி அரிசி இல்லாமல் மடிந்தது.

1945 மே தொடக்கத்தில் ரங்கூன் மீண்டும் பிரிட்டிஷார் வசம் வந்தது. அரிசி வரவில்லை. ஏற்றுமதிக்கு வழியின்றிக் கிடந்த மூன்று ஆண்டுகளில் பர்மாவின் நெல் பரப்பு ஏறத்தாழப் பாதியாகிவிட்டிருந்தது. உழவு மாடுகள் செத்திருந்தன. கடன் கொடுத்தவரும் அறுவடைக் கூலியும் ஊர் திரும்பியிருந்தார்கள். ஆகவே போர் முடிந்தும் இங்கே ரேஷன் முடியவில்லை. 1947 இறுதியில் கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பார்த்தார்கள். விலை ஏறியதும் மறு ஆண்டே திரும்பக் கொண்டுவந்தார்கள். அரிசிக்குப் பழகிய வயிறுகளுக்குக் கடையில் கோதுமை கிடைத்தது. போதாக்குறைக்குச் சென்னை மாகாணத்தில் மழையும் தொடர்ந்து பொய்த்தது.

இந்தச் சுமையெல்லாம் கடைசியில் வந்து விழுந்தது ராஜபாளையத்துக்காரர் ஒருவரின் தோளில். 1949 ஏப்ரலில் பி.எஸ். குமாரசாமி ராஜா மாகாண முதல்வரானார். காந்தியவாதி, கை சுத்தமானவர், சொந்த வீட்டைக் கலைமன்றத்துக்குத் தந்தவர். ஆனால் விவசாயிக்கு அவர் களத்து நெல்லை எடுத்துக்கொண்ட ஆட்சியின் முகம், நகரத்தானுக்குப் படியளவைக் குறைத்த ஆட்சியின் முகம். 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. முதல்வரே தம் சொந்தச் சீமையான ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றார். தேர்தலில் ஒரே காரணம் வேலை செய்வதில்லை. உள்ளூர்க் கணக்குகளும் இருந்திருக்கும். இருந்தாலும் அமைச்சர்கள் பலர் ஒருசேரத் தோற்ற அந்தத் தேர்தலை அரிசியை விட்டுவிட்டு விளக்க முடியாது.

ஏப்ரலில் ராஜாஜி முதல்வரானார். ஜூனில் அரிசிக் கட்டுப்பாட்டை எடுத்தார். ரங்கூன் விழுந்து அப்போது பத்து ஆண்டும் மூன்று மாதமும் ஆகியிருந்தன.