கண்ணெதிரே ஒரு கிரகம்!

மலைப்பிரதேசம் எங்காவது போய்வந்து, எடுத்த போட்டோக்களை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்திருப்பீர்கள். 'வெறும் மரம்' என்று நினைத்து எடுத்த படத்தில், கிளையோடு கிளையாக ஓர் ஆந்தை உங்களையே முறைத்துக்கொண்டிருக்கும்! 'அட, இது எப்போ வந்தது?' என்பீர்கள். அது எங்கிருந்தும் வரவில்லை. அங்கேயேதான் இருந்தது.

ஆந்தை தப்பினால் பரவாயில்லை. ஒரு கிரகமே தப்பிவிட்டால்?

பெர்சிவல் லோவெல், பாஸ்டன் நகரத்துப் பெரும் பணக்காரர். 1894-ல் அமெரிக்காவில், அரிசோனாவின் ஃப்ளாக்ஸ்டாஃப் என்ற ஊரில் சொந்தக் காசில் வான் ஆராய்ச்சிக் கூடமே கட்டியவர். டெலஸ்கோப்பில் செவ்வாயைப் பார்த்துப் பார்த்து, 'அங்கே கால்வாய்கள் ஓடுகின்றன. புத்திசாலி ஜீவன்கள் வெட்டியவை!' என்று புத்தகங்களே எழுதினார்.

அடுத்து, நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு கிரகம் உண்டு என்று கணக்குப் போட்டார். 'பிளானட் எக்ஸ்' என்று பெயர் வைத்தார். வருஷக்கணக்கில் வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்துத் தேடினார்கள். ஊஹூம்! 1916 நவம்பரில் லோவெல் இறந்துபோனார்.

1930. அதே ஆராய்ச்சிக் கூடம். க்ளைட் டாம்பாக் என்ற 24 வயது இளைஞர், கான்சாஸ் மாகாணத்து விவசாயியின் மகன். ஜனவரி 23, 29 தேதிகளில் எடுத்த இரண்டு தகடுகளை மாற்றி மாற்றிப் பார்த்தார். நட்சத்திரங்கள் அப்படியே நிற்க, ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது. ப்ளூட்டோ!

பிறகு பழைய தகடுகளைத் தூசு தட்டினார்கள். தூக்கிவாரிப்போட்டது! 1915 மார்ச் 19, ஏப்ரல் 7... லோவெல்லின் உதவியாளர்கள் எடுத்த இரண்டு தகடுகளில், மங்கலாக, ப்ளூட்டோ!

கையில் இருந்தும் ஏன் சிக்கவில்லை? லோவெல் தேடியது பூமியைவிட ஆறேழு மடங்கு கனமான, ஓரளவு பளிச்சென்ற கிரகத்தை. ப்ளூட்டோவோ நம் நிலாவைவிடச் சின்னது. அந்த அழுக்குப் புள்ளியை யார் மதிப்பார்கள்?

வேடிக்கையைப் பாருங்கள். 1965-ல் மாரினர்-4 விண்கலம் செவ்வாயை நெருங்கிப் படமெடுத்தது. ஒரு கால்வாய்கூட இல்லை! இல்லாத கால்வாய் மனுஷருடைய கண்ணுக்குத் தெரிந்தது. படத்திலேயே இருந்த ப்ளூட்டோ தெரியவில்லை. ஆசைப்பட்டதைப் பார்ப்பது கண். கேமராவுக்கு ஏது ஆசை?

கதை அதோடு முடியவில்லை. 1978 ஜூனில் அமெரிக்கக் கடற்படையின் வான் ஆராய்ச்சிக் கூடத்தில், ஜேம்ஸ் க்ரிஸ்டி என்பவர் ப்ளூட்டோவின் படங்களை அளந்துகொண்டிருந்தார். சில படங்களில் ப்ளூட்டோ ஒரு பக்கம் புடைத்திருந்தது. 'படம் சரியில்லை' என்று ஒதுக்கப்பட்டவை அவை. க்ரிஸ்டி யோசித்தார். 'படம் கோணல் என்றால் பக்கத்து நட்சத்திரங்களும் புடைத்திருக்க வேண்டுமே? அவை உருண்டையாக இருக்கின்றனவே!' அந்தப் புடைப்புதான் ப்ளூட்டோவின் நிலா, சேரன்!

ஆகவே, 'சரியா வரலை' என்று ஒரு போட்டோவை அழிக்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இன்னொரு தடவை பெரிசாக்கிப் பாருங்கள். கிரகம் கிடைக்காவிட்டாலும், ஓர் ஆந்தையாவது மாட்டும்!