அளந்து செய்யும் தொண்டு

நம் லுத்தரன் நடுநிலைப் பள்ளிகளின் ஆண்டறிக்கைகளில் அறிவியலுக்கு ஒரு பக்கம் இருக்கும், சேவைத் திட்டங்களுக்கு வேறொரு பக்கம் இருக்கும். முதல் பக்கத்தில் கண்காட்சி, தெர்மாகோல் எரிமலை, வட்டார அளவில் வாங்கிய பரிசு. அடுத்ததில் மரக்கன்று நடுவிழா, டெங்கு விழிப்புணர்வுப் பேரணி, பழைய துணி சேகரிப்பு. இரண்டையும் செய்வது அதே ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான். ஆனாலும் வகுப்பில் படித்தது தெருவுக்குப் போவதில்லை. தெருவில் கண்டது வகுப்புக்குத் திரும்புவதில்லை. லுத்தரன் கல்வியின் வேர்களைத் தேடிப் போனால் இப்படிப்பட்ட பிரிவினைக்கு அங்கே இடமில்லை. மரபை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இது அறிவியலையும் கெடுக்கிறது, தொண்டையும் கெடுக்கிறது.

முதலில் இறையியலிலிருந்தே தொடங்கலாம். மார்ட்டின் லுத்தர் 1520இல் கிறிஸ்தவ சுதந்திரத்தைப் பற்றி எழுதிய சிறு நூலின் மையக் கருத்து, நற்செயல்களைக் காட்டி மனிதன் கடவுளிடம் எதையும் சம்பாதிக்க முடியாது என்பது. அப்படியானால் நற்செயல் எதற்கு? அயலானுக்கு அது தேவை என்பதற்காக. இதை ஒப்புக்கொண்டால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொண்டு செய்பவனுக்குப் புண்ணியம் சேர்வதுதான் நோக்கம் என்றால், செய்தவுடனே காரியம் முடிந்துவிடும். அயலானுக்குப் பயன்பட வேண்டும் என்பது நோக்கமானால், பயன்பட்டதா என்று போய்ப் பார்க்காமல் முடியாது. எண்ணுவது, அளப்பது, ஒப்பிடுவது என்று அறிவியல் பாடம் கற்றுத்தருகிற அத்தனையும் அப்படிப் போய்ப் பார்ப்பதன் ஒழுங்குபட்ட வடிவமே. ஆக, லுத்தரன் பள்ளியில் அளவுகோல் இல்லாத தொண்டு அதன் சொந்தக் கோட்பாட்டின்படியே அரைகுறைத் தொண்டு.

இதற்குச் சரித்திரச் சான்றும் உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரையொட்டிய கிளௌக்காவில் லுத்தரன் போதகர் ஆகுஸ்ட் ஹெர்மன் பிராங்கே 1695இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி, சில ஆண்டுகளுக்குள் அநாதை இல்லம், மருந்தகம், அச்சகம் என்று ஒரு சிற்றூராகவே வளர்ந்தது. அங்கே 1698இலேயே இயற்கைப் பொருட்களுக்கும் கைவினைப் பொருட்களுக்கும் ஒரு சேகரிப்பு அறை உருவானது. கூரையிலிருந்து முதலை தொங்கும் அந்த அறை இன்றும் இருக்கிறது. நம் ஊரிலிருந்து போன ஓலைச்சுவடிகளும் அதில் உண்டு. 1717 முதல் யோஹான் யுங்கர் என்ற மருத்துவர் அங்கே ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சை தரும்போதே மருத்துவ மாணவர்களுக்குப் பாடமும் நடத்தினார். நோயாளிக்குக் கிடைத்த உதவியும் மாணவன் கற்ற பாடமும் ஒரே கட்டிலருகே நடந்தன. ஆனால் ஹாலேயைப் பொற்காலமாக்கிப் பேசுவதும் சரியல்ல. கண்ணாடி தீட்டுவது, கடைசல் வேலை, தாவரம் பார்ப்பது போன்றவை அங்கே பெரும்பாலும் ஓய்வு நேரத்துக்குரியவை. அவற்றை அதிகம் அனுபவித்தவர்கள் கட்டணம் செலுத்திப் படித்த மேட்டுக்குடிப் பிள்ளைகள். மருந்தகத்துக்கு நல்ல லாபம் ஈட்டித் தந்த தங்கத் திராவகத்தை இன்றைய மருந்தியல் ஒரு கணமும் ஏற்காது. மாதிரியாகக் கொள்ள வேண்டியது ஹாலேயின் முடிவுகளை அல்ல, படிப்பையும் உதவியையும் ஒரே கூரையின் கீழ் வைத்த அதன் ஏற்பாட்டை.

அந்த ஏற்பாடு தரங்கம்பாடிக்கு வந்தபோது என்ன ஆனது என்பதுதான் நமக்கு நெருக்கமான கேள்வி. ஹாலேயில் பயின்ற மிஷனரி சீகன்பால்க் 1706இல் அங்கே வந்திறங்கி, அடுத்த ஆண்டே பள்ளி தொடங்கினார். அவருடைய தோழர் குருண்ட்லர் 1711இல் தமிழ் மருத்துவ முறையை விவரித்து ஒரு நூல் எழுதினார். தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768இல் மிஷன் மருத்துவராக வந்தார். தொடர்ந்து 1771இல் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், 1776இல் ரோட்லர் என்று இயற்கை ஆய்வாளர்களாகவும் விளங்கிய ஊழியர்கள் வந்தார்கள். பெருமைப்பட இடமிருக்கிறது. ஆனால் இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானது. இவர்கள் சேகரித்த செடியும் சிப்பியும் மீனும் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் ஐரோப்பிய அறிஞர்களிடம். ஜான் அனுப்பிய மீன்களை பெர்லினில் ஆராய்ந்த புளோக், ஒரு பேரினத்துக்கே 1793இல் ஜோனியஸ் என்று ஜானின் பெயரை இட்டார். நம் கடற்கரையில் ஏலம் போகும் கத்தாழை மீன்களில் பல அந்தப் பேரினத்தவை. அதில் ஓர் இனத்துக்கு ‘கருட்டா’ என்று பெயர். கருத்த கத்தாழை என்று கரையில் சொன்னதைக் கேட்டு எழுதியது. மீனைப் பிடித்துக் கொடுத்துப் பெயரையும் சொன்னவர்களுக்கு அந்த ஆராய்ச்சியால் என்ன திரும்பி வந்தது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரிலும் ஜான் இருக்கிறார். வலை போட்டவனோ மண்ணைக் கிளறியவனோ எதிலும் இல்லை. இந்த மறுப்பை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தை முறிக்கவில்லை, பலப்படுத்துகிறது. அளவீடு கரையில் நடந்து, பயன் கரைக்குத் திரும்பாதபோது அறிவியல் சேகரிப்பாகக் குறுகிவிடுகிறது. ஜானே இதை ஓரளவு உணர்ந்திருக்கலாம். முதுமையில் அவர் கவனம் இலவசப் பள்ளிகளின் பக்கம் திரும்பியது. பதினைந்து தமிழ்ப் பள்ளிகளும் ஐந்து ஆங்கிலப் பள்ளிகளும் நடத்திய அனுபவத்தை விவரிக்கும் அவருடைய அறிக்கை 1813இல் லண்டனில் வெளியானது.

இன்றைய பள்ளிக்கு வருவோம். டெங்குப் பேரணியையே எடுத்துக்கொள்ளலாம். முழக்கம் முடிந்ததும் சாக்கடை ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் தூவிப் படம் எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் டெங்கைப் பரப்பும் ஏடிஸ் கொசு முக்கியமாகத் தேடுவது சாக்கடையை அல்ல. வீட்டிலும் வீட்டைச் சுற்றியும் தேங்கும் தெளிந்த நீரை. ஆட்டுக்கல் குழி, கொல்லையில் கிடக்கும் டயர், கொட்டாங்கச்சி, பிரிட்ஜின் பின்புறத் தட்டு, மூடி சரியாகப் பொருந்தாத சிமெண்ட் தொட்டி ஆகியவைதான் அது முட்டையிடும் இடங்கள். வெள்ளைக் கோடாகத் தூவிய பவுடர் அவற்றில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. இன்னும் ஒரு நுணுக்கம் உண்டு: ஏடிஸ் தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டவைக்கிறது, அவை காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். எனவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் உட்புறத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய எட்டுப் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்த்தால் சுழற்சி அறும். பிள்ளைகள் தெருவில் ஐம்பது வீடுகளைப் பார்த்து, ஏழு வீட்டில் கொசுப்புழு இருந்தால் 14 விழுக்காடு என்று எழுதட்டும். நான்கு வாரம் கழித்து மறுபடி எண்ணட்டும். குறைந்திருந்தால் அது தொண்டின் பலன்தானா, மழை நின்றதாலா என்று கேட்கும் பிள்ளை, வேறு தெருவையும் எண்ண வேண்டும் என்ற இடத்துக்குத் தானாக வந்து சேரும். அறிவியல் முறை என்பதற்கு எட்டாம் வகுப்பில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்பது ஆசிரியர்கள் சொல்லும் மறுப்பு. நியாயமானதுதான், ஆனால் விழுக்காடு கணக்குப் பாடத்திலும் வாழ்க்கைச் சுழற்சி அறிவியல் பாடத்திலும் ஏற்கெனவே இருப்பவை, பேரணிக்கும் ஒரு பிற்பகல் ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது. தொண்டு மனதிலிருந்து வர வேண்டியது, எண்ணிக்கைக்குள் அடங்காது என்பது வேறொரு மறுப்பு. இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. அன்பை அளக்கச் சொல்லவில்லை, தொட்டியில் புழுவை எண்ணச் சொல்கிறேன். மதிப்பெண் போட்டுத் தொண்டை மாணவனின் கணக்கில் வரவு வைப்பதுதான் லுத்தருக்கு விரோதமானது. அதைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். இவற்றைவிடக் கடுமையான கேள்வி ஒன்றை நம் பள்ளி மலர்கள் பொதுவாகப் பேசுவதில்லை. சேவை என்ற பெயரில் துடைப்பம் யார் கையில் கொடுக்கப்படுகிறது என்பது அது. கழிவறையைக் கழுவச் சில சாதிப் பிள்ளைகளை மட்டும் அனுப்பிய செய்திகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து வந்ததுண்டு. தரங்கம்பாடியில் 1718இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்திலும் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கைகள் இருந்தன. அப்படிப்பட்ட சமூகத்தில் தொண்டு வெறும் உடலுழைப்பாகச் சுருங்கினால், பழைய அடுக்கு அப்படியே திரும்பிவிடும். எல்லாப் பிள்ளையும் முறைவைத்து எண்ணவும் எழுதவும் தேய்க்கவும் வேண்டியிருக்கும் திட்டத்தில் அந்த அபாயம் முற்றிலும் போகாது என்றாலும், ஒரு பட்டியல் இருப்பதால் யார் எதைச் செய்தார்கள் என்பது மறையாது.

கடலோரப் பள்ளிகளுக்குத் தண்ணீர் இன்னும் நல்ல பாடம். 2004 ஆழிப்பேரலை பல கிணறுகளை உப்பாக்கிவிட்டுப் போனது. உப்புக்கரைசல் மின்சாரத்தைக் கடத்தும் என்று புத்தகம் சொல்கிறது; கையடக்க டி.டி.எஸ். மீட்டர் அளப்பது அதைத்தான். இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் கரைந்த திடப்பொருளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராமை விரும்பத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாத இடத்தில் 2000ஐ உச்சவரம்பாகவும் வைத்திருக்கிறது. தெருவின் பத்துக் கிணறுகளை ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் அளந்து ஒரு பதிவேட்டில் எழுதலாம். அந்தப் பதிவேடு அடுத்த ஆண்டு அடுத்த வகுப்பின் கைக்குப் போக வேண்டும். ஒரு நகல் ஊராட்சி அலுவலகத்துக்கும், கிணற்றுக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் கிணற்றின் அளவு துண்டுச் சீட்டிலும் போக வேண்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடத்தான் பள்ளிகளுக்குத் தோன்றும். கண்காட்சியில் வைக்க அது உதவாது.