பஞ்ச சயனமும் ஓலைப் பாயும்

எழுதிப் பிழைக்கிறவனுக்கு முதுகு என்று ஒன்று இருப்பது நாற்பது வயது வரை தெரிவதில்லை. அதற்குப் பிறகு வேறு எதுவும் இருப்பது தெரிவதில்லை. சென்ற மார்கழியில் ஒரு நாள் விடியற்காலை எழுந்திருக்க முயன்றேன். இடுப்புக்கு மேலே யாரோ ஆணி அடித்து என்னைக் கட்டிலோடு சேர்த்துவிட்டது போல் இருந்தது. அடுத்த ஒரு வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் வைத்தியர்கள். "இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கி எறியுங்கள்" என்றார் ஒருவர். "கட்டிலையும் சேர்த்து எறியுங்கள், வெறுந்தரைதான் மருந்து" என்றார் இன்னொருவர். மெத்தைக் கடைக்காரரோ 30,000 ரூபாய்ச் சமாசாரம் ஒன்றைத் தட்டிக் காட்டி, "கல் மாதிரி இருக்கும் சார்! டாக்டர்களே இதைத்தான் சொல்கிறார்கள்" என்றார். கல்தான் வேண்டுமென்றால் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறதே என்று திரும்பிவிட்டேன்.

திருப்பாலைவனத்துச் சித்தி டெலிபோனில் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "உங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் ஓலைப் பாயிலேதான் படுத்தார். முதுகு வலின்னு ஒரு நாள் சொன்னதுண்டா? மெத்தை வந்தது, வியாதியும் வந்தது!"

இந்தத் தீர்ப்பு சரிதானா என்று பார்த்துவிட்டு அப்புறம் மெத்தை வாங்கலாம் என்று தோன்றியது. கதை எழுதுகிறவர்களுக்கு இது ஒரு கெட்ட பழக்கம். மருந்து வாங்கப் போனால் மருந்தின் சரித்திரத்தை வாங்கிக்கொண்டு திரும்புவார்கள்.

மெத்தென்று இருப்பதால் மெத்தை. நம் பாஷையில் பெயரிலேயே குணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் மெத்தைக்கு வழங்கும் 'மாட்ரஸ்' என்ற சொல் அரபியிலிருந்து போனது. மூலத்தில் அதற்குப் பொருள் 'எறிந்து போடும் இடம்' என்பதுதான். தரையில் மெத்தையை வீசிப் போட்டு அதன்மேல் சாய்கிற அரபு வழக்கத்தை ஐரோப்பியர் இடைக்காலத்தில் கற்றுக்கொண்டார்கள்.

நம்மிடம் அதற்கு வெகு காலம் முன்பே மெத்தை இருந்தது. யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி. திருப்பாவையில் நப்பின்னைப் பிராட்டி படுத்திருப்பது பஞ்ச சயனம். மென்மை, குளிர்ச்சி, வெண்மை, நறுமணம், அழகு என்று அதற்கு ஐந்து குணம் சொல்வார்கள் உரைகாரர்கள். நெடுநல்வாடையில் பாண்டியன் தேவியின் கட்டில் அதற்கும் ஒரு படி மேல். போரில் விழுந்த நாற்பது வயது யானையின் தந்தத்தில் கடைந்து செய்தது. மேலே அன்னத்தின் தூவி பரப்பியது. அவ்வளவும் இருந்து அந்த அம்மாளுக்குத் தூக்கம் வரவில்லை. கணவன் பாசறையில் இருக்கிறான். இவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கிடக்கிறாள். மோசிகீரனார் என்ற புலவர் கதை இதற்கு நேர் எதிர். களைத்துப் போய்ச் சேரமான் அரண்மனைக்கு வந்தவர், முரசு நீராடப் போயிருந்த சமயத்தில், பூப்பரப்பிய முரசு கட்டிலில் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். வெட்டிப் போடவேண்டிய குற்றம். பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டவில்லை. பக்கத்தில் நின்று விசிறினான்.

இத்தனை படித்தும் எனக்கு வேண்டிய விஷயம் கிடைக்கவில்லை. படுக்கை அழகாயிருந்தது, மணமாயிருந்தது. எழுந்தபோது முதுகு எப்படியிருந்தது என்று ஒரு புலவரும் கேட்கவில்லை. நம் வைத்திய ஏடுகள் கோரைப் பாய்க்கு ஒரு குணம், ஈச்சம் பாய்க்கு ஒரு குணம் என்று பிரித்துச் சொல்வது உண்மைதான். ஆனால் இருவரை இரண்டு பாயில் படுக்கவைத்துப் பார்த்த கணக்கு அதில் இல்லை.

இந்த நிலையில்தான் தை பிறந்ததும் சித்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். ஊர்ப் பெயரைக் கேட்டு மணல்காட்டை எதிர்பார்க்க வேண்டாம். பாலை மரங்கள் நிறைந்த வனமாம் அது. கிழக்கே கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால் பழவேற்காடு ஏரி. மறுநாள் காலை அங்கே போனேன்.

டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். இங்கிருந்து கப்பலேறிய துணியின் ஞாபகமாக மலாய்க்காரர்கள் கைலித் துணியை இன்றும் 'பெலேகாட்' என்று சொல்கிறார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது புதர். இடுகாடு மட்டும் பத்திரமாக இருக்கிறது. அந்தக் காலத்து ஹாலந்தில் படுக்கை என்பது சுவரோடு சேர்ந்த அலமாரி; உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிப் பாதி உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். கால் நீட்டிப் படுப்பது பிணத்தின் கிடை என்று பயமாம். பழவேற்காட்டில்தான் நன்றாகக் கால் நீட்டியிருக்கிறார்கள், பாவம்! வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. நான் அவற்றின் முதுகெலும்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். வலி வந்தவனுக்கு வேறு எதில் கண் போகும்?

ஏரிக்கரைக்கு வந்தபோது, முழங்கால் தண்ணீரில் நாலைந்து பெண்கள் குனிந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வலையில்லை, படகில்லை. கை தடவும், அகப்பட்ட இறால் கூடைக்குப் போகும், முதுகு மட்டும் நிமிராது. கரையேறிய ஓர் அம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். எதில் படுப்பீர்கள் என்று கேட்டேன்.

"பாயிலதான் நைனா. வேற இன்னாத்துல படுக்கறது?"

சித்தியின் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். "அப்படியென்றால் முதுகு வலியே இராதே?"

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நல்லா கேட்ட போ! படுத்தாலும் வலிக்குது, எந்திரிச்சாலும் வலிக்குது. வலிக்குதுன்னு யாராண்ட சொல்றது?"

அன்று இரவு சித்தி வீட்டுப் பரணில் பாய் எடுக்க ஏறியபோது, காடாத் துணியில் தைத்த சின்ன மூட்டை ஒன்று கையில் தட்டுப்பட்டது. உள்ளே உமியும் தவிடும். "அதுவா? பாட்டி ராத்திரியிலே தாத்தா இடுப்புக்கு ஒத்தடம் குடுப்பா" என்றாள் சித்தி. தினமுமா என்று கேட்டேன். "தினமுந்தான்" என்றவள், பேச்சை நிறுத்திவிட்டு விளக்கைத் தூண்டுகிற மாதிரி எதையோ செய்துகொண்டிருந்தாள். வீட்டில் எரிந்தது மின்சார விளக்கு.

வைத்திய உலகம் என்ன சொல்லிற்று? முதுகெலும்பின் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை 1934-இல் பாஸ்டன் நகரத்து மிக்ஸ்டரும் பாரும் எழுதி வைத்தார்கள். அந்த நூற்றாண்டில் வெகுகாலம், 'படுத்திரு. கெட்டியான படுக்கையில் படுத்திரு' என்பதே மந்திரம். மெத்தைக்கு அடியில் பலகை போடச் சொன்னார்கள். 1986-இல் அமெரிக்காவில் 203 நோயாளிகளைப் பிரித்து, சிலரை இரண்டு நாளும் சிலரை ஏழு நாளும் படுத்திருக்கச் சொல்லிப் பார்த்தார்கள். குணத்தில் வித்தியாசமில்லை, வேலைக்குப் போகாத நாள்தான் இரண்டாவது கூட்டத்துக்கு அதிகம். 1995-இல் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்களிடம் பார்த்தபோது, படுத்தவர்களைவிடவும் தேகப்பயிற்சி செய்தவர்களைவிடவும், வலி தாங்குகிற மட்டும் வழக்கமான காரியங்களைச் செய்துவந்தவர்களே சீக்கிரம் தேறினார்கள்.

மெத்தைக்கே நேரான பரீட்சை 2003-இல்தான் வெளிவந்தது. ஸ்பெயின் தேசத்தில் கோவாக்ஸ் என்ற டாக்டரும் சகாக்களும் நெடுநாள் இடுப்பு வலிக்காரர்கள் 313 பேருக்குப் புது மெத்தை கொடுத்தார்கள். பாதிப் பேருக்குக் கெட்டி. பாதிப் பேருக்கு நடுத்தரம். யாருக்கு எது என்பது படுத்தவருக்கும் தெரியாது, பரிசோதித்தவருக்கும் தெரியாது. 90 நாள் கழித்துக் கேட்டால், படுத்திருக்கும்போதும் எழும்போதும் வலி அதிகம் குறைந்தது நடுத்தரக்காரர்களுக்கு! நம் வாழ்க்கையில் நடுத்தரத்துக்கு ஒரு வெற்றி கிடைத்தது இந்த ஓர் இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பட்டணம் திரும்பி, வேறொரு கடைக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, கூச்சப்படாமல் கால்மணி நேரம் ஒவ்வொரு மெத்தையிலும் படுத்தேன். கெட்டியானதில் மல்லாந்தபோது இடுப்புக்குக் கீழே கை தாராளமாய்ப் புகுந்தது. அங்கே தாங்கல் இல்லை. மெதுவானதில் இடுப்பு பள்ளத்தில் இறங்கிற்று; புரண்டு படுக்கக் கையை ஊன்ற வேண்டியிருந்தது. தென்னை நாரின்மேல் இரண்டு அங்குல ரப்பர் வைத்த ஒன்று, இடுப்பு வளைவை நிரப்பியும் பிடித்தது, புரளவும் விட்டது. விலை 11,000 ரூபாய். ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொள்ள ஒரு தலையணையும் வாங்கினேன்.

மூன்று மாதமாகிறது. காலையில் எழுந்திருக்க ஆணி பிடுங்க வேண்டியதில்லை. எல்லாப் புகழும் மெத்தைக்கே என்று சொல்லமாட்டேன். அரைமணிக்கு ஒரு தரம் எழுதுவதை விட்டு எழுந்து முற்றத்தில் நடக்கிறேன். மெத்தை வாங்கிய விஷயத்தைச் சித்தியிடம் இன்னும் சொல்லவில்லை. பங்குனியில் வருவதாகக் கடிதம் எழுதியிருந்தாள். அவளுக்கும் சில நாளாக இடுப்பில் பிடிப்பாம்.