செங்கம் கணவாயும் செஞ்சிக் கோட்டையும்

2025 ஜூலை 11ஆம் தேதி பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, ‘இந்தியாவின் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. மிச்சம் ஒன்று நம் செஞ்சி. செய்தி வந்ததிலிருந்து வெளியூர் உறவினர்கள் வரிசையாகக் கேட்கிறார்கள்: “செஞ்சியில் என்ன பார்க்கலாம்? எத்தனை மணி நேரம் ஆகும்?” நானும் எல்லோரும் சொல்கிற பதிலையே சொல்கிறேன். கல்யாண மகால், தானியக் களஞ்சியம், யானைக்குளம், ராஜகிரி உச்சி. காலையில் வந்தால் மதியச் சாப்பாட்டுக்குத் திண்டிவனம் போய்ச் சேரலாம்.

ஆனால் கோட்டை ஏன் இங்கே கட்டப்பட்டது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டால், மலை செங்குத்தாக இருப்பதால் என்று சொல்லிவிடலாம். செங்குத்தான பாறைக் குன்றுகளுக்கு இந்தச் சீமையில் பஞ்சமே கிடையாது. அத்தனையையும் விட்டுவிட்டு ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்றை மட்டும் வளைத்து ஏறக்குறைய 13 கிலோமீட்டர் சுற்றளவுக்கு மதில் எழுப்புவானேன்? மலையடியில் ஓடும் சாலையைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

திண்டிவனத்திலிருந்து கிருஷ்ணகிரி போகும் தேசிய நெடுஞ்சாலை அது. முன்பு புதுச்சேரியிலிருந்தே தொடங்கி 66 என்ற எண்ணோடு இருந்தது, இப்போது 77. கடலோரச் சமவெளியிலிருந்து செஞ்சி, கீழ்பெண்ணாத்தூர், திருவண்ணாமலை, செங்கம் என்று மேற்கே போகிறது. செங்கம் தாண்டினால் வலப்பக்கம் ஜவ்வாது மலை, இடப்பக்கம் தெற்கு மலைகள், நடுவில் ஒரு வாசல். அதுதான் செங்கம் கணவாய். அந்தப் பக்கம் சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை. பழைய கணக்கில் பாரமகால். அதற்கும் அப்பால் மைசூர்.

கணவாய் என்றதும் எங்கள் புதுச்சேரிக்காரர்களுக்கு மீன் கடைதான் ஞாபகம் வரும். சுத்தம் செய்து வளையம் வளையமாக நறுக்கி மிளகு போட்டு வறுப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் என்னவாம்? அவர்கள் மொழியில் மலைக் கணவாய்க்கும் சட்டைக் காலருக்கும் ‘கோல்’ என்று ஒரே சொல்தான். பிரெஞ்சு வழியில் படித்த எனக்குப் பூகோளப் பாடத்தில் முதலில் மனப்பாடம் ஆனவை ஆல்ப்ஸ், பிரனே மலைகளின் கோல்கள். துர்மலே 2,115 மீட்டர், கலிபியே 2,642 மீட்டர். இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். செங்கம் கணவாயின் பெயரை வேலைக்குப் போன பிறகுதான் கேள்விப்பட்டேன்.

அந்தக் கோல்களை உலகம் முழுக்கத் தெரியவைத்தது சைக்கிள். 1910இல் ‘தூர் தெ பிரான்ஸ்’ பந்தயத்தைப் பிரனே மலை உச்சிகள் வழியாகக் கொண்டுபோகத் தீர்மானித்தார்கள். வழி பார்க்கப் போன அல்போன்ஸ் ஸ்தேனெஸ் என்பவர் துர்மலேயில் பனியில் சிக்கி இருட்டில் வழி தவறினார். உயிர் பிழைத்துக் கீழே வந்ததும், பாதை நன்றாக இருக்கிறது என்று பாரிஸுக்குத் தந்தி அடித்தார்! அந்தக் கோடையில் துர்மலே உச்சியை முதலில் தொட்ட ஒக்தாவ் லபீஸ், அன்றைய ஓட்டத்திலேயே அமைப்பாளர்களைக் கொலைகாரர்கள் என்று திட்டினார். 1913இல் அதே துர்மலே இறக்கத்தில் எழேன் கிறிஸ்தோஃபின் முன் ஃபோர்க் முறிந்தது. பிறர் உதவி கூடாது என்பது விதி. சைக்கிளைத் தோளில் சுமந்து மைல் கணக்கில் நடந்தார். கீழே ஒரு கொல்லன் பட்டறையில் தானே காய்ச்சி அடித்து ஒட்டவைத்தார். துருத்தி ஊதிய சிறுவனை உதவி என்று கணக்கிட்டு அதற்கும் தண்டனை போட்டார்கள். எந்த அலுவலகத்திலும் அப்படி ஒரு மேலாளர் உண்டு.

இன்றைக்கு அந்த மலைகளின் அடியில் இருக்கும் சிற்றூர்கள் சைக்கிள்காரர்களால் பிழைக்கின்றன. ஆல்ப் துவேஸ் என்ற மலைச் சாலையில் 21 வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண்ணும், அங்கே வென்றவர் பெயரும் எழுதிய பலகை. அடியிலுள்ள பூர் துவாசான் என்ற ஊரில் ஒரு வாரம் தங்கி, நாளுக்கு ஒரு கணவாயாக ஏறுகிறார்கள். நம்மிடமும் அப்படிப்பட்ட ஏற்றங்கள் உண்டு. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டி கல்லட்டியில் 36. 2008 முதல் நடக்கும் ‘டூர் ஆஃப் நீல்கிரிஸ்’ சவாரியால் கல்லட்டிக்குச் சைக்கிள்காரர்களிடையே நல்ல பேர்.

செங்கம் கணவாய் அந்த ஜாதி இல்லை. கலிபியேயை நினைத்து வருகிறவர் சிரித்துவிடுவார். ஏற்றம் மெல்ல, தெரியாமல் வரும். ஆனால் சரித்திரத்தில் துர்மலேயை இதன் பக்கத்தில் நிற்க வைக்க முடியாது.

செங்கத்தின் பழைய பெயர் செங்கண்மா. சங்க காலத்தில் அங்கே இருந்தவன் நன்னன். அவனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்வதுதான் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், 583 அடிகள். எங்கே பன்றிப் பொறி இருக்கும், எந்தப் பாறை வழுக்கும், இரவில் நடக்கலாமா கூடாதா, யார் வீட்டில் என்ன சோறு கிடைக்கும் என்று எல்லாமே அதில் இருக்கிறது. தமிழாசிரியர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளலாம். எனக்கு அது அந்த மலைப் பக்கத்துக்கு எழுதிய முதல் பயணக் கையேடாகத்தான் தெரிகிறது.

1767க்கு வருவோம். முதல் மைசூர்ப் போர். பாரமகாலில் இருந்த கர்னல் ஜோசப் ஸ்மித்தின் படையை ஐதர் அலியும் நிஜாமும் சேர்ந்து நெருக்கினார்கள். திருவண்ணாமலையில் அரிசி இருக்கிறது என்று நம்பி ஸ்மித் இந்தக் கணவாய் வழியாகப் பின்வாங்கினார். செப்டம்பர் தொடக்கத்தில் செங்கத்தருகே ஐதர் மறித்தார். சண்டையில் ஸ்மித் ஜெயித்தார். ஆனால் சண்டை நடக்கும்போதே எதிரிக் குதிரைப்படை கையிருப்பு அரிசியைக் கொள்ளையடித்துவிட்டது. வென்ற படை பட்டினியோடு திருவண்ணாமலைக்கு நடந்தது. அங்கேயும் சொன்னபடி அரிசி இல்லை. அதே மாதக் கடைசியில் திருவண்ணாமலையருகே இன்னொரு போர்.

பதின்மூன்று ஆண்டு கழித்து, 1780 ஜூலையில், ஐதர் பெரும்படையோடு இதே வாசல் வழியாகக் கீழே இறங்கினார். சென்னை வரை நடுங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் செஞ்சியும் அவர் கைக்குப் போனது.

சாலையை வைத்துப் பார்த்தால் செஞ்சியின் இடம் புரியும். மாட்டு வண்டியும் பீரங்கியுமாகப் போகும் படை ஒரு நாளில் இருபது கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிது. கணவாயை விட்டு இறங்கினால் செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி என்று தங்கித் தங்கித்தான் கடலுக்கு வரமுடியும். அந்த வரிசையில் கடைசிப் பூட்டு செஞ்சி. எல்லோரும் அந்தப் பக்கமிருந்து வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1677இல் சிவாஜி வடக்கேயிருந்து வந்தார். 1690இல் முற்றுகை போட்ட சுல்பிகர் கானும் அப்படியே. எட்டு ஆண்டு உட்கார்ந்து, 1698இல்தான் கோட்டையைப் பிடித்தார். தேசிங்கு ராஜன் கதை எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்களுக்கோ எட்டு ஆண்டு தேவைப்படவில்லை. 1750 செப்டம்பரில் திருவதிகைப் பக்கம் தோற்ற முகமது அலியின் ஆட்கள் செஞ்சிக்கு ஓடினார்கள். பின்னாலேயே புஸ்ஸி வந்தார். 11ஆம் தேதி வெடிமருந்து வைத்துக் கோட்டைக் கதவைத் தகர்த்து உள்ளே புகுந்தார். மூன்று மலையிலிருந்தும் குண்டு மழை. இருட்டிய பிறகு மூன்று பிரிவாக மூன்று மலைகளிலும் ஏறினார்கள். விடிந்தபோது எல்லாம் அவர்கள் வசம். பகலில் தாங்கள் ஏறிய பாறையை அண்ணாந்து பார்த்து அவர்களே மலைத்துப்போனார்களாம். ராஜகிரி உச்சிக்கு முன்னால் ஆழமான பிளவு ஒன்று உண்டு. அதன் மேலுள்ள சிறு பாலத்தை எடுத்துவிட்டால் விரல்விட்டு எண்ணும் ஆட்கள் போதும், ஒரு படையையே நிறுத்தலாம். பாலத்தில் நின்று கீழே எட்டிப் பாருங்கள், அந்த ராத்திரி என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் புரியும். அப்போது துய்ப்ளேக்ஸின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736இலிருந்து 1761 வரை போகிறது. இந்த நாட்களைப் படிக்க விரும்புகிறவர்கள் அதைத் தேடிப் பிடிக்கலாம்.

பதினோரு ஆண்டுகள் வைத்திருந்து என்ன கண்டார்கள்? ராபர்ட் ஆர்ம் எழுதிய சரித்திரப்படி, செஞ்சியின் நீரும் காற்றும் ஒத்துக்கொள்ளாமல் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்கள் செத்தார்கள். 1761 ஜனவரி 16இல் புதுச்சேரி விழுந்தது. அதன்பின் செஞ்சிக்குச் சோறு வர வழியில்லை. ஏப்ரல் 5இல் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார்கள். மலை அங்கேயேதான் இருந்தது, சாலை மட்டும் கைவிட்டுப் போயிருந்தது.

இதையெல்லாம் காரில் போகிறவருக்கு விளக்குவது கஷ்டம். ஒன்றரை மணி நேரத்தில் செங்கம் வந்துவிடும். சைக்கிளில் போனால் கால்களே சொல்லும். நானும் இரண்டு நண்பர்களும் இருபது வயதில், வாடகைக் கடையில் மூன்று ஹெர்குலிஸ் எடுத்துக்கொண்டு புதுச்சேரியிலிருந்து செஞ்சிக்குப் போனோம். 65 கிலோமீட்டருக்கு மேல். கியர் கிடையாது, டைனமோ விளக்கு பெடல் மிதிக்கிற வேகத்துக்குத்தான் எரியும். திண்டிவனம் தாண்டி விடியும் நேரத்தில் குன்றுகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்ததைப் பார்த்தபோது, மேற்கேயிருந்தோ கிழக்கேயிருந்தோ வருகிற எவனும் இந்த இடத்தைக் கடக்காமல் போகமுடியாது என்று தோன்றியது.

இப்போதைய பிள்ளைகள் கியர் வைத்த சைக்கிளில் ‘பிரெவே’ ஓட்டுகிறார்கள். எங்கள் காலத்தில் பிரெவே என்றால் பள்ளித் தேர்வு. அதைப் பாஸ் செய்தால்தான் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட முடியும். இவர்கள் சொல்வது பாரிஸிலுள்ள ஒதாக்ஸ் சங்கம் வகுத்த நெடுந்தூரச் சவாரி. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், 600ஐ 40 மணியில். வரிசையாகத் தேறினால் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் 1,200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்த்–பாரிஸ். பேரன் வயசுப் பையன்கள் சொல்லிக் கேட்டால் எனக்கு முழங்கால் வலி மறந்துபோகும்.

அவர்களுக்கு ஒரு யோசனை. செஞ்சியிலிருந்து கணவாய் தாண்டிச் சிங்காரப்பேட்டை போய்த் திரும்பினால் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மார்கழி, தை மாதங்கள் நல்லது. வாடைக் காற்று போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதற்குத் தகுந்தபடி தெம்பை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமி அன்றும் கார்த்திகை தீபத்தன்றும் திருவண்ணாமலைப் பக்கம் போகவே வேண்டாம். நெஞ்சு வலிக்க ஏறவேண்டும் என்பவர்கள் போளூர் வழியாக ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூருக்குப் போகட்டும். மறுநாள் கால்களுக்கு ஓய்வு கொடுத்துச் செஞ்சியைச் சுற்றலாம். சிங்கவரம் அரங்கநாதர் குடைவரை, திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர் சிற்பம், மேல்சித்தாமூர் ஜைன மடம், விழுப்புரம் சாலையில் மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டு எல்லாம் ஒரு சுற்றுக்குள் அடங்கும். ராஜகிரிக்குத் தனியாக ஒரு காலைப் பொழுது ஒதுக்குங்கள். பிற்பகலில் ஏற விடமாட்டார்கள்.

நான் கடைசியாக அந்த வழியில் பேருந்தில் போனபோது, கணவாய் என்று எழுதிய பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. யாராவது சைக்கிளில் போனால் பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.