பக்கவாத்தியம் யார் கையில்? - ஆனையிறவை முன்வைத்து ஒரு சமூகவரலாற்று நோக்கு

பாடலை ஆராயப் புகும் எமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் அதன் சொல்லையே ஆராய்கின்றனர். சற்று விரிந்த நோக்குடையோர் இராகத்தையும் தாளத்தையும் குறிப்பிடுவர். பக்கவாத்தியம் என்பது அவர்தம் கணக்கில் இடம்பெறுவதில்லை. ஆயின் பாடலின் பொருளாதாரம் வெளிப்படையாகத் தெரியுமிடம் பக்கவாத்தியமே. பாட்டுக் கட்டுபவனுக்கு நினைவும் குரலும் போதும்; அவற்றை அவன் எவரிடத்தும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பக்கவாத்தியத்துக்கோ தோலும் மரமும் உலோக நாக்கும் மின்சாரமும் வேண்டும். அவற்றினும் மேலாக இன்னொரு மனிதனின் பயிற்சியும் ஓய்வுநேரமும் வேண்டும். ஆகவே, பக்கவாத்தியம் ஒருவனுக்கு எவ்வாறு கிடைத்தது என்னும் வினா, அவன் எவ்வகைச் சமுதாயத்தில் நின்று பாடினான் என்னும் வினாவேயாகும். வீட்டிலிருக்கும் கணினியே மேளமும் கித்தாரும் பியானோவும் சேர்த்து வாசிக்கும் இக்காலத்தில், தொழில்முறையாளரல்லாத பாட்டுக்காரர் பெற்றதென்ன, இழந்ததென்ன என்பதை இவ்வினாவின் வழியே நோக்குவது பயனுடையது.

ஆனையிறவை முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டையும் வன்னிப் பெருநிலத்தையும் இணைக்கும் இவ்வொடுங்கிய நிலப்பாதையில் ஒல்லாந்தர் காலத்திலேயே காவற்கோட்டை இருந்தது. 1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமையடைந்தபோது அதுவும் இவ்வழியேதான் சென்றது. இங்கு விளைந்த உப்பைக்கொண்டு பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எரிசோடாவும் குளோரினும் உற்பத்தி செய்தது. பண்டங்களைப் போலவே வாத்தியங்களும் வாத்தியக்காரரும் இப்பாதையாலேயே போய்வந்தனர். இணுவில், அளவெட்டி முதலாய ஊர்களிலே தலைமுறை தலைமுறையாகப் பெரியமேளம் வாசித்த குடும்பங்கள் யாழ்ப்பாணத்துக் கோயிற் பொருளாதாரத்தை அண்டி வாழ்ந்தன. தவில் மேதை வி. தட்சணாமூர்த்தி (1933-1975) போன்றோரை உருவாக்கியது அச்சூழலே. வன்னியின் குளத்தோர ஊர்களுக்கு அத்தகைய நிலையான வாத்திய வர்க்கத்தைப் பேணும் உபரி இருக்கவில்லை. அங்கே சொல் உள்ளூரில் விளைந்தது. நயமான பக்கவாத்தியம் வேண்டின் அது பெரும்பாலும் வடக்கேயிருந்து வந்தது.

அதற்காக வன்னியிற் பாட்டு ஒலியின்றிக் கிடந்ததென எவரும் கருதவேண்டியதில்லை. அருவிவெட்டுப் பாட்டின் தாளம் அரிவாளின் வீச்சில் இருந்தது. தொழிலே பக்கவாத்தியமாக அமையுமிடத்து, பாடுபவனும் வாசிப்பவனும் வேறுவேறானவர் அல்லர். பன்றிப்பள்ளும் குருவிப்பள்ளும் போன்ற வன்னிப் பாடல்கள் வேளாண்மையைச் சூழ்ந்து எழுந்தவை. காத்தவராயன் கூத்திலோ ஊரவரே ஆடினர். ஊரவரே பின்பாட்டுப் பாடினர். எனினும் இவ்வொருமைப்பாட்டை மிகைப்படுத்திக் கூறும் பழக்கம் நம்மிடையே உண்டு. அதனை நான் ஏற்பதற்கில்லை. அதே ஊரில் பறை அறைவதற்கென ஒரு சாதி ஒதுக்கப்பட்டிருந்தது. அவ்வாத்தியத்தின் ஒலி ஊர் முழுவதற்கும் வேண்டியிருந்தது; அதனை ஒலிப்பித்தவனோ ஊரின் புறத்தே நின்றான். நிலமானிய அமைப்பிலே பக்கவாத்தியம் என்பது கலைத்திறன் மாத்திரமன்று, பிறப்பால் விதிக்கப்பட்ட ஊழியமுமாகும்.

இந்நிலையைக் குலைத்த முதல் இயந்திரம் ஆர்மோனியம். 1842இல் பாரிசு நகரிலே அலெக்சாந்தர் டெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற இக்கருவி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கல்கத்தாவிலே துவாரகநாத் கோஷ் முதலியோரால் கையால் துருத்தி இயக்கும் சிறுபெட்டியாக மாற்றப்பட்டது. தரையில் அமர்ந்து ஒரு கையால் காற்றடித்து மறுகையால் வாசிக்கலாம், சுருதி சேர்க்க வேண்டியதில்லை, குருகுலவாசமும் கட்டாயமன்று. தமிழ் நாடக மேடையும் தேவாலயமும் பசனைக் கூடமும் அதனை உடனே ஏற்றுக்கொண்டன. யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து புகழ் நாட்டிய இசைநாடக மரபும் ஆர்மோனியமின்றி நடைபெற்றதன்று. ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த கலைஞர் பலர் கருநாடக இசையின் வாயில் தமக்கு அடைபட்டிருந்த காலத்தில், அக்கருவியின் துணைகொண்டே மேடையிற் குரலெழுப்பினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

எதிர்ப்பும் எழாமலில்லை. கமகத்தை ஒலிக்கவியலாத கருவி என்று வித்துவான்கள் பழித்தனர். பாரதியாருங்கூடத் தமது 'சங்கீத விஷயம்' என்னும் கட்டுரையிலே அதனைக் கடிந்துள்ளார். பின்னர் அவருடைய பாடல்கள் பட்டிதொட்டியெங்கும் பரவியதில் அதே ஆர்மோனியத்துக்குப் பெரும் பங்குண்டென்பது வரலாற்றின் குறும்பு. அனைத்திந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கிற்று. 1971இலேயே அத்தடை பகுதியளவில் தளர்ந்தது. தடையை ஆதரித்தோரின் இசையியல் நியாயம் பொய்யன்று. பன்னிரு நிலைச் சுரங்களுள் தோடியின் அசைவு அடங்காது என்பது உண்மை. ஆயினும் அந்நியாயத்தைப் பேசியவர்கள் வயலினும் மிருதங்கமும் அமர்த்தும் வசதியுடைய அவைகளின் உள்ளிருந்தே பேசினர் என்பதையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.

வானொலிக் காலத்திலே பக்கவாத்தியம் அரசின் கைக்கு மாறிற்று. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில், 1960களிலும் 1970களிலும் ஈழத்து மெல்லிசை என்றொரு வகை உருப்பெற்றது. எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் அதற்காக உழைத்தனர். தென்னிந்தியத் திரையிசையின் நிழலிலிருந்து விலகி நமது ஊரையும் தொழிலையும் பாடவேண்டுமென்ற அவ்வியக்கத்தின் நோக்கம் போற்றுதற்குரியது. ஆனால் வன்னிக் கிராமத்தில் இருந்த பாட்டுக்காரனின் நிலை யாது? பாட்டை அவன் தபாலில் அனுப்பலாம்; வாத்தியக்குழுவோ கொழும்பில் இருந்தது. கலையகத்தின் நேரமும் குழுவினரின் ஊதியமும் நிலையத்தாரின் தெரிவும் சேர்ந்தே ஒரு பாடலுக்கு உடல் கொடுத்தன. அதே காலத்தில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பொப்பிசைப் பாடல்கள் வேறொரு வழியைக் காட்டின. போர்த்துக்கேயர் காலத்துக் கலப்பில் விளைந்த பைலாவின் ஆறெண்ணிக்கைத் துள்ளல், ஒரு கித்தார், பேச்சுமொழி ஆகியவையே அவற்றின் மூலதனம். பண்டிதர் முகஞ்சுளித்தனர், இளைஞர் பாடினர்.

1977இன் திறந்த பொருளாதாரக் கொள்கை யப்பானிய ஒலிநாடாக் கருவிகளைச் சந்தையிற் குவித்தது. மத்திய கிழக்குக்கு உழைக்கச் சென்றோரும் அவற்றைக் கொணர்ந்தனர். பாட்டைப் பதிவதும் பிரதிசெய்து பகிர்வதும் முதன்முறையாக வீட்டுக்குள் நிகழ்ந்தன. இதனைக் கலையின் சனநாயகமயம் என்று மாத்திரம் சொல்லி அமைய முடியாது. அக்கொள்கை தாராளமாக உள்ளே விட்ட வெங்காயமும் மிளகாயும் யாழ்ப்பாணத்து விவசாயியையும், விசுவமடு, முத்தையன்கட்டுத் திட்டங்களில் மிளகாய் நட்டு நிமிர்ந்த இளைஞரையும் வீழ்த்தின. பாட்டைப் பதிவதற்குக் கருவி வந்த காலமும், பாடுபவனின் தோட்டம் பொய்த்த காலமும் ஒன்றாயிருந்தன.

போர் இப்பாதையை அடைத்தது. 1990க்குப் பின்னர் குடாநாட்டு மக்கள் ஆனையிறவைத் தவிர்த்துக் கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகிற் கடந்தனர். பொருளாதாரத் தடையின் பட்டியலில் மின்கலங்களும் இருந்தன. துவிச்சக்கரவண்டியை நிறுத்தி, சில்லைச் சுழற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தால் வானொலியும் ஒலிநாடாவும் கேட்ட அனுபவத்தை அக்காலத்தவர் பலர் இன்றும் நினைவுகூர்வர். ஒருவர் மிதிக்க ஏனையோர் கேட்டனர். மிதிப்பு தளர்ந்தால் சுருதியும் தளர்ந்தது. பக்கவாத்தியத்துக்குப் பின்னால் மனித உழைப்பு உண்டென்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்றை நான் அறியேன். வன்னியில் அக்காலத்தே எழுந்த எழுச்சிப்பாடல்கள் அமைப்பொன்றின் கலையகத்திலும் வாத்தியக்குழுவிலும் தங்கியிருந்தவை. அவற்றை ஆர்வலர் முயற்சியெனக் கொள்ளுதல் பொருந்தாது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் வீழ்ந்ததையொட்டி அவ்விடம் பாடுபொருளாயிற்று. 2009 சனவரியில் அது மீண்டும் படையினர் வசமாயிற்று. பின்னர் பல வீடுகளில் ஒலிநாடாக்கள் அச்சத்தாற் புதைக்கப்பட்டன, அல்லது எரிக்கப்பட்டன. அவற்றுள் எழுச்சிப்பாடல்கள் மாத்திரமா இருந்தன? கலியாணவீட்டில் அப்பு பாடியதும், கூத்து மேடையிற் பதிந்ததும் அதே நாடாக்களிலேதான் இருந்தன.

உலகின் வேறு பகுதிகளில் இதற்கிடையே பக்கவாத்தியம் வேறொரு வடிவம் எய்திற்று. 1983இல் மிடி என்னும் பொதுநெறி நடைமுறைக்கு வந்தபின், ஒரு நிறுவனத்தின் இலத்திரனியல் வாத்தியம் மற்றொரு நிறுவனத்தின் வாத்தியத்தோடும் கணினியோடும் உரையாடலாயிற்று. 1990இலே கனடாவின் பீட்டர் கனன் என்பவர் 'பாண்ட் இன் எ பொக்ஸ்' என்ற மென்பொருளை வெளியிட்டார். பாட்டுக்காரன் கோட் எனப்படும் சுரச்சேர்க்கைகளின் பெயர்களைக் கட்டங்களிலே தட்டச்சுச் செய்து, வேகத்தையும் பாணியையும் தெரிந்தால் போதும். மந்தரக் கித்தாரும் முரசும் பியானோவும் அப்பாணிக்கேற்பத் தாமே வாசிக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியரும் இரவுவேலை செய்யும் தொழிலாளியும் தம் வீட்டறையிலிருந்து பாட்டுக் கட்டி ஒருவரோடொருவர் பகிரும் பழக்கம் இதனாற் பெருகிற்று. எளிய இயந்திரத்தைத் தமதாக்கிக்கொண்ட வரலாறும் உண்டு. யப்பானியக் கசியோ நிறுவனத்தின் சிறு கீபோட் ஒன்றில் முன்பதிவாக இருந்த தாளத்தையே அடித்தளமாகக் கொண்டு 1985இல் யமேக்காவின் வெய்ன் சிமித் பாடிய பாடல், அந்நாட்டு இசையின் போக்கையே மாற்றிற்று. அத்தாளத்தை அமைத்தவர் ஒகுடா ஹிரோகோ என்னும் இளம் பெண் ஊழியர்.

இவ்விடத்து ஒரு நுட்பத்தை நோக்கவேண்டும். அம்மென்பொருளின் பிற்காலப் பதிப்புகளில் இயந்திர ஒலிக்குப் பதிலாக, தொழில்முறை வாத்தியக்காரர் கலையகத்தில் வாசித்துப் பதிந்த துண்டுகளே ஒட்டிச் சேர்க்கப்படுகின்றன. ஒருமுறை பதியப்பெற்ற விரலசைவு ஆயிரக்கணக்கான பாடல்களில் மீளமீள உழைக்கிறது. உயிருள்ள உழைப்பு உறைந்து, இயந்திரத்தினுள் மரித்த உழைப்பாகக் கிடந்து, பின்னர் உயிருள்ள உழைப்பைச் சந்தையிலிருந்து வெளியேற்றும் நிகழ்வை மார்க்ஸ் நெசவாலையிற் கண்டார். நாம் அதனைத் தாளத்திலும் காண்கிறோம். ஆர்மோனியத்தைப் பழித்த வித்துவானின் குரலிலேயே இம்மென்பொருளைப் பழிப்போர் இன்றும் உளர். அவர்கள் செயற்கை ஒலியைப் பற்றிக் கவலுகின்றனர். கவலவேண்டியது வேறொன்று: பாணிகளின் பட்டியலை யார் வகுத்தார்? வால்சும் பொசனோவாவும் சுவிங்கும் அதிலே வரிசையாக உள்ளன. யமகா போன்ற நிறுவனங்கள் இந்தியச் சந்தைக்கெனத் தபலாவும் தம்பூராவும் சேர்த்துக் கீபோட்டுகளை வெளியிட்டன. காத்தவராயன் கூத்தின் நடையும் வன்னியின் பறையடியும் எச்சந்தையின் கணக்கிலும் வரவில்லை.

விளைவு பாடலின் யாப்பிலேயே தென்படுகிறது. முன்பதிவான பாணிகளிற் பெரும்பாலானவை நான்கெண்ணிக்கையில் அமைந்தவை. மூன்றும் ஆறும் ஓரளவுக்கு உண்டு. தெம்மாங்குக்கும் பைலாவுக்கும் ஆறெண்ணிக்கை இடங்கொடுக்கும். ஏழெண்ணிக்கையிற் செல்லும் சிந்து வந்தால் பாட்டுக்காரன் ஓரசையை நீட்டி எட்டாக்குகிறான், அல்லது ஒரு சொல்லைத் தள்ளுகிறான். விருத்தம் இன்னும் இடர்ப்படுகிறது. தாளத்துக்குக் கட்டுப்படாது, சொல்லின் பொருளறிந்து நின்றும் விரைந்தும் செல்வது விருத்தத்தின் இயல்பு. ஆர்மோனியக்காரன் பாடுபவனின் வாயைப் பார்த்துப் பின்தொடர்வான். மென்பொருளுக்குப் பின்தொடரத் தெரியாது. அது தன் வேகத்திற் போகும், பாடுபவனே அதனைப் பின்தொடர வேண்டும். பக்கத்தில் நின்ற வாத்தியம் முன்னால் வந்துவிட்டது. இதற்கு இணங்காது, பாணியை நிறுத்திவிட்டு ஒற்றைச் சுருதியை மட்டும் ஒலிக்கவிட்டு விருத்தம் பாடிப் பின் தாளத்தைத் தொடக்குவோரும் உளர். இத்தகைய சிறு தந்திரங்களே ஆராய்ச்சிக்குரிய கலைச்செயல்கள் என்பது என் கருத்து.

2010களில் மின்வலையமைப்பும், 2014இல் யாழ்ப்பாணம்வரையிலான புகையிரதமும் ஆனையிறவின் வழியே மீண்டன. கீபோட்டும் மடிக்கணினியும் கைபேசியும் வந்தன. அவற்றுட் பல வெளிநாட்டு உறவினர் அனுப்பியவை. இன்று ஊர்க்கோயிற் கொடியேற்றத்துக்கு ஒரு பாமாலை இறுவட்டு வெளிவருகிறது. இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்குப் பாட்டுக் கட்டப்படுகிறது. பள்ளிக்கூட விழாவுக்கும் அவ்வாறே. இவற்றைச் செய்வோர் பலர் வேறு தொழிலால் வாழ்பவர்கள். உழைப்பைப் பற்றி எழுதுமிடத்து மார்க்ஸ், பறவைபோலத் தன்னியல்பாற் பாடுபவளையும், பாட்டை விற்பவளையும், முதலாளியொருவனுக்காகப் பாடுபவளையும் வேறுபடுத்திக் காட்டுவார். நம் ஆர்வலர் முதல்வகையினர் என்று சொல்லத் தோன்றும். ஆயின் அவர்கள் ஊதியமின்றிக் கட்டிய பாட்டுகளைப் பகிரும் இணையத் தளங்கள் விளம்பரத்தால் இலாபம் ஈட்டுகின்றன. பறவை பாடுகிறது, மரம் வேறொருவனுடையது.

இப்பாடல்கள் எவ்வாறு பேணப்படுகின்றன என்பது அடுத்த வினா. அச்சிட்ட பாமாலைகள் சில நூலகங்களை அடைகின்றன. அவற்றிலே சொல் இருக்கும்; 'மெட்டு' என்று திரைப்பாடலொன்றின் பெயரும் சிலவேளை இருக்கும். எந்தப் பாணி தெரியப்பட்டது, எவ்வசை நீட்டப்பட்டது, விருத்தத்துக்காகத் தாளம் எங்கே நிறுத்தப்பட்டது என்பவை கணினிக் கோப்பிலேதான் உள்ளன. கைபேசி பழுதானால், கணினியின் வன்தட்டு உப்புக்காற்றில் துருவேறினால், கோப்பும் போகும். எமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் நாட்டார் பாடல் திரட்டச் செல்லும்போது முதியோரின் வாய்மொழியைப் பதிந்துகொண்டு திரும்புகின்றன. அடுத்த முறை பரந்தனிலோ இயக்கச்சியிலோ கண்டாவளையிலோ அம்முதியவரின் வீட்டுக்குப் போவோர், உள்ளறையில் கீபோட்டோடு இருக்கும் பேரனிடமும் அவன் கோப்புகளைக் கேட்டு வாங்கி வருவார்களாக.