வெடிச்சத்தம் இல்லாத படம் இருக்கிறதா?

மீள்குடியேற்றத்துக்குப் பிறகு கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு சிறிய இறுவட்டுக் கடை வைத்திருந்தேன். தகரக் கூரை, ஒரு மேசை, சுவரில் இரண்டு தட்டுகள். ஒரு படத்துக்கு ஒரு நாள் வாடகை முப்பது ரூபா. புதுப்படம் வந்தால் இளைஞர்கள் மாலையில் கூடிவிடுவார்கள். ஆனால் அந்தக் கடையில் நான் அதிகம் கேட்ட கேள்வி எந்த நடிகரைப் பற்றியதும் அல்ல. "தம்பி, வெடிச்சத்தம் இல்லாத படம் ஏதும் இருக்கோ?" என்பதுதான்.

முதலில் அப்படிக் கேட்டவர் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஓர் அம்மா. சண்டைக் காட்சி வந்தால் பிள்ளை மேசைக்குக் கீழே போய் ஒளிந்துவிடுகிறான் என்றார். நான் ஒரு நகைச்சுவைப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் திருப்பித் தந்துவிட்டு, "சிரிப்பாத்தான் இருந்தது. ஆனா கடைசியில அதிலயும் வெடிதானே தம்பி" என்றார். அன்றுதான் எனது கடையில் இருந்த படங்களை இன்னார் பார்க்கலாம், இன்னார் பார்க்கக்கூடாது என்று பிரித்து எழுதத் தொடங்கினேன்.

கைப்பேசியும் பென் ட்ரைவும் வந்த பிறகு கடையை மூடிவிட்டேன். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. வீட்டில் குடும்பமாக என்ன படம் பார்க்கலாம் என்று இப்போதும் கேட்பவர்களுக்காக, பின்னர் பார்த்தவற்றையும் சேர்த்து, அதிலிருந்து சிலவற்றை இங்கே தருகிறேன். விருதை வைத்து நான் தெரிவு செய்யவில்லை. நம் வீட்டு விறாந்தையில் யார் யார் இருந்து பார்க்கப் போகிறார்கள் என்பதை வைத்தே தெரிவு செய்திருக்கிறேன். சில படங்களின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். இழப்பைச் சந்தித்தவர் எதிர்பாராத நேரத்தில் அதைத் திரையில் காண்பதைவிட, முன்பே தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது.

சிறுவரோடு பார்க்க

எனது முதல் பரிந்துரை எப்போதும் 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்' (சொர்க்கத்தின் பிள்ளைகள்). ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி 1997 இல் எடுத்த படம். தைக்கக் கொடுத்த தங்கையின் சப்பாத்தைத் தமையன் அலி தொலைத்துவிடுகிறான். வீட்டில் காசில்லை. தகப்பனிடம் சொல்லவும் பயம். ஆகவே ஒரே சோடிச் சப்பாத்தை இருவரும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். காலைப் பள்ளி முடிந்து தங்கை ஸாரா ஓடிவந்து கழற்றிக் கொடுக்க, அதைப் போட்டுக்கொண்டு அலி மாலைப் பள்ளிக்கு ஓடுகிறான். ஒன்றரை மணி நேரப் படம். ஒரு வெடி இல்லை, ஓர் அடிதடி இல்லை. பாரசீக மொழி தெரியாத சிறுவர்களும் கதையை விளங்கிக்கொள்கிறார்கள். இடம்பெயர்ந்து பள்ளிக்குப் போன எவருக்கும் ஒரு சோடிச் சப்பாத்தின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது தமிழில் 'காக்கா முட்டை'. மணிகண்டன் இயக்கி 2015 இல் திரைக்கு வந்தது. சென்னைச் சேரியில் வாழும் இரண்டு சகோதரர்களுக்கு பீட்சா சாப்பிட ஆசை வருகிறது. கதை அவ்வளவுதான். தகப்பன் சிறையில் இருக்க, தாய் தனியே குடும்பத்தை இழுக்கும் பாங்கு நம் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு மிகவும் கிட்டியது. அதே நேரம் வீடே சேர்ந்து சிரிக்கலாம்.

நமது மண்ணின் படங்கள்

போருக்கு முந்திய யாழ்ப்பாணத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால் 'பொன்மணி'யைத் தேடிப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ, எழுபதுகளின் பிற்பகுதியில் தமிழில் எடுத்த படம். சீதனமும் சாதியும் ஒரு வீட்டுப் பெண்களை எப்படி முடக்குகின்றன என்பதே கதை. விறுவிறுப்பான படம் அல்ல, மெதுவாகத்தான் நகரும். ஆனால் அந்தத் தெருக்களையும் வீடுகளையும் பார்த்து எங்கள் வீட்டு மூத்தவர்கள் கதை சொல்லத் தொடங்கியபோது, படத்தை நிறுத்தி நிறுத்தித்தான் பார்க்க முடிந்தது. போர் எதை அழித்தது என்பதோடு, போருக்கு முன்பே நமக்குள் எது பிழையாக இருந்தது என்பதையும் அது காட்டுகிறது.

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002 பெப்ரவரியில் வெளிவந்தது. போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே மாதத்தில்தான். சென்னையில் வளரும் அமுதா என்ற சிறுமி, தான் தத்தெடுக்கப்பட்டவள் என்று அறிந்து, ஈழத்தில் இருக்கும் பெற்ற தாயைத் தேடி வருகிறாள். படத்தில் பேசப்படும் நமது தமிழைக் கேட்டு எனது வாடிக்கையாளர்கள் பலர் சிரித்ததுண்டு. அவர்களே கடைசிக் காட்சியில் அழுததும் உண்டு. குண்டுவெடிப்பும் இடம்பெயர்வும் காட்டப்படுகின்றன. பிள்ளையைப் பிரிந்த தாய்மார் இருக்கும் வீட்டில், கதையை முன்பே சொல்லிவிட்டுப் போடுங்கள்.

சிங்களத்தில் வந்தவை

"சிங்களப் படம் எங்களுக்கு எதுக்கு?" என்று கடையில் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் கொடுத்தது பிரசன்ன விதானகே 1997 இல் எடுத்த 'புரஹந்த களுவர'. முழுநிலவில் இருள் என்று பொருள். இலங்கையில் இதற்குத் தடை விதிக்கப்பட்டு, வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2001 இல்தான் திரைக்கு வந்தது. ஒன்றேகால் மணி நேரப் படம்.

வறண்ட கிராமம் ஒன்றில் வன்னிஹாமி என்ற கண்பார்வையற்ற முதியவர் வாழ்கிறார். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் ஜோ அபேவிக்ரம. இராணுவத்தில் இருந்த மகனின் உடல் என்று மூடி முத்திரையிட்ட பெட்டி ஒன்று வருகிறது. மகன் இறந்துவிட்டான் என்பதை அவர் ஏற்கவில்லை. குடும்பத்துக்குப் பணம் தேவை, ஊரும் வற்புறுத்துகிறது. அப்படியிருந்தும் இழப்பீட்டுப் படிவத்தில் ஒப்பமிட மறுக்கிறார். கடைசியில் தானே மண்வெட்டியோடு போய்ப் புதைகுழியைத் தோண்டுகிறார். பெட்டிக்குள் இருப்பவை வாழைக்குற்றியும் கற்களும்.

இந்தப் படத்தை எனது சின்னம்மாவோடு இருந்து பார்த்தேன். 2009 மே மாதம் வட்டுவாகலில் தன் கையாலேயே மகனை ஒப்படைத்தவர் அவர். மரணச் சான்றிதழை வாங்கு, தருவதை எடு என்று அவருக்கும் பலர் சொல்லியிருக்கிறார்கள். கதையை முன்பே சொல்லி, வேண்டாம் என்றால் போடவில்லை என்றேன். போடச் சொன்னார். முடியும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த மனுசனுக்குத் தோண்டிப் பார்க்க ஒரு பெட்டியாவது வந்தது. எனக்கு அதுவும் வரேல்லை மோனை" என்றார்.

எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தார். அன்றிரவு நெடுநேரம் மகனைப் பற்றிப் பேசினார். ஒப்படைத்த நாளில் அவன் காலில் செருப்பு இல்லை என்பதை அன்றுதான் முதன்முதலாகச் சொன்னார். அதற்கு முன் அவராகவே அவனைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். இன்னொரு தாய் பாதியில் எழுந்து போய்விட்டார். அதுவும் சரிதான்.

அதே இயக்குநரின் 'இர மதியம' 2003 இல் வந்தது. மூன்று கதைகள் கொண்ட படம். அவற்றில் ஒன்று, 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பம் ஒன்றின் கதை. வளர்த்த நாயை விட்டுப் போக மனமில்லாத அரபாத் என்ற சிறுவன் அதில் வருகிறான். இழப்பைப் பற்றிப் பேசும் நாம், நம் அயலவர் இழந்ததையும் பார்க்க வேண்டும்.

புலம்பெயர்ந்தவர் கதை

'தீபன்' படத்தை பிரெஞ்சு இயக்குநர் ஜாக் ஓடியார் இயக்கினார். 2015 இல் கான் திரைப்பட விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகனாக நடித்துள்ளார். முன்னாள் போராளி ஒருவர், ஒரு பெண், தாயற்ற ஒரு சிறுமி ஆகிய மூவரும் இறந்தவர்களின் கடவுச்சீட்டில் ஒரு குடும்பமாக நடித்து பிரான்ஸ் போய்ச் சேருகிறார்கள். உரையாடலில் பெரும்பகுதி தமிழ். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் பார்க்க வேண்டிய படம். "அங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கிறியள்" என்று தொலைபேசியில் கேட்பதற்கு முன் ஒரு கணம் யோசிப்பார்கள். இறுதிப் பகுதியில் கடுமையான துப்பாக்கிச் சண்டை உண்டு. சிறுவருக்கு உகந்ததல்ல.

பிற நாடுகளின் போர்

'கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்' (மின்மினிகளின் கல்லறை) 1988 இல் வந்த ஜப்பானிய வரைகலைப் படம். இயக்கம் இசாவோ தகஹாதா. 1945 இல் கோபே நகர் மீது நடந்த விமானத் தாக்குதலில் தாயை இழந்த செய்தா என்ற சிறுவனும் அவனது சின்னத் தங்கை செற்சுகோவும் குளக்கரைப் பதுங்குகுழி ஒன்றில் தனியே வாழ்கிறார்கள். பசியில் இருவரும் இறந்துபோகிறார்கள். கார்ட்டூன் என்று நினைத்துச் சிறுவருக்குப் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை நானே அந்தத் தவறைச் செய்து, கொண்டுபோன தகப்பனிடம் ஏச்சு வாங்கினேன். பங்கருக்குள் கைப்பிள்ளையோடு இருந்தவர்களுக்கு இது மிகக் கனமான படம்.

பஹ்மான் கொபாதியின் 'டேர்ட்டில்ஸ் கான் ஃப்ளை' (ஆமைகளும் பறக்கும்) 2004 இல் வந்த குர்திஷ் மொழிப் படம். ஈராக் - துருக்கி எல்லையோர அகதி முகாமில் பெற்றோரற்ற சிறுவர்கள் கண்ணிவெடிகளைத் தோண்டி எடுத்து விற்றுப் பிழைக்கிறார்கள். முகமாலையைக் கடந்து போகும் எவருக்கும் அந்த நிலம் அந்நியமாகத் தெரியாது. பாலியல் வன்முறையும் தற்கொலையும் கதையில் உள்ளன. தனியே இருந்து பார்க்க வேண்டாம்.

சிலி நாட்டின் பத்ரிசியோ குஸ்மான் 2010 இல் எடுத்த ஆவணப்படம் 'நொஸ்டால்ஜியா ஃபோர் த லைட்'. பினோசே ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் எலும்புகளை அற்றகாமா பாலைவனத்தில் பல ஆண்டுகளாகத் தேடும் பெண்களை அதில் காணலாம். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தாய்மாரின் போராட்டத்தை அறிந்தவர்களுக்கு, உலகின் மறுகோடியிலும் இதே கேள்வியோடு பெண்கள் நிற்கிறார்கள் என்பது ஒரு துணை.

பார்க்கும் முன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் சேர்த்து வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் வைத்து விடிய விடிய மூன்று நான்கு படம் போடுவோம். காசு சேர்த்து மண்ணெண்ணெய் வாங்குவோம். யாராவது அழுதால் பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொடுவார். இப்போது ஆளுக்கொரு கைப்பேசியில் தனித்தனியே பார்க்கிறோம். கனமான படங்களையாவது சேர்ந்து பாருங்கள்.

விளக்கை முழுதாக அணைக்க வேண்டாம். ஹெலி, ஷெல் சத்தம் வரும் இடங்களில் ஒலியைக் குறையுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குக் கதையை ஒருவர் சொல்லிக்கொண்டே வரலாம். பாதியில் எழுந்து போகிறவரைத் திரும்பக் கூப்பிடாதீர்கள். உறவுகளை இழந்த நாள்களிலும் மே மாதத்திலும் வற்புறுத்தி எதையும் போடாதீர்கள். படம் முடிந்ததும் உடனே படுக்கப் போகாமல் ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரமாவது இருந்து கதையுங்கள். அதன் பிறகும் ஒருவருக்கு நித்திரை வராமல், பதற்றம் நாள்கணக்கில் நீடித்தால், மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லத் தயங்க வேண்டாம்.

கடையை மூடியபோது கணக்குப் பார்த்தேன். திரும்பி வராத இறுவட்டு ஒன்றுதான் இருந்தது: 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்'. பேரனோடு வந்த அந்த அம்மா கொண்டுபோனது. பிறகு ஒருநாள் தெருவில் கண்டபோது, "அவன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறான் தம்பி. இப்ப மேசைக்குக் கீழ போறேல்ல" என்றார். இறுவட்டை நான் கேட்கவில்லை.